பகைவனின் பிள்ளையை வளர்த்தவன்

சண்டை விளையாட்டுகளில் பொதுவாக யாருக்கும் வயதாவதில்லை. முதல் பாகத்தில் இளைஞனாக அறிமுகமான வீரன் பத்தாவது பாகத்திலும் அதே உடையில், அதே மிடுக்கோடு வந்து நிற்பான்; இடையில் அவன் வாங்கிய அடிகளும் பெற்ற வெற்றிகளும் அவன் முகத்தில் ஒரு சுருக்கத்தைக்கூட விட்டுச் சென்றிருக்காது. காலத்தை ஓடவிட்ட தொடர்களும் இல்லாமல் இல்லை. 1997-இல் வந்த டெக்கன் மூன்றாம் பாகம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளைத் தாண்டி அடுத்த தலைமுறையைக் களத்தில் இறக்கியது. ஆனால் அந்தத் தொடரில் பெற்ற தகப்பனே மகனை மலையுச்சியிலிருந்து தூக்கி எறிகிறான். மகன் வளர்ந்து வந்து தகப்பனை அதேபோல் எறிகிறான். எஸ்என்கே நிறுவனத்தின் ஃபேட்டல் ஃபியூரி தொடரில் காலம் நகர்ந்தபோது நடந்தது வேறு. அதன் நாயகன் டெர்ரி போகார்ட் தன் தந்தையைக் கொன்றவனை வீழ்த்துகிறான். பிறகு அந்தக் கொலைகாரனின் மகனைக் கூட்டிவந்து, தன் பிள்ளையைப் போல் வளர்த்து ஆளாக்குகிறான். நான் ஆடிய விளையாட்டுகளில் என்னை இந்த அளவுக்கு நெகிழவைத்த உறவு வேறொன்று இல்லை.

இந்தத் தொடரை நான் அறிந்துகொண்டது தலைகீழான வரிசையில். 2000-களின் தொடக்கத்தில் நண்பன் ஒருவனின் வீட்டுக் கணினியில், எமுலேட்டர் (பழைய விளையாட்டு இயந்திரங்களின் ஆட்டங்களைக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருள்) வழியாக, நான் முதன்முதலில் ஆடியது 1999-இல் வெளியான ‘கரோ: மார்க் ஆஃப் தி வுல்வ்ஸ்’. அதில் வரும் டெர்ரி, தொப்பி அணியாத, பழுப்பு நிறத் தோல் மேலுடை போட்ட, நிதானமான ஒரு மனிதன். அவன் பக்கத்தில் ராக் ஹோவர்ட் என்ற பதினேழு வயதுப் பையன். இருவருக்கும் என்ன உறவு என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அண்ணன் தம்பி என்றே சில மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பழைய பாகங்களைத் தேடித் தேடி ஆடினேன். காலத்தில் பின்னோக்கிப் போகப் போக டெர்ரி இளையவன் ஆனான், தலையில் சிவப்புத் தொப்பி ஏறியது, முகத்தில் கோபம் கூடியது. ஒருவனை முதலில் தகப்பனாகப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அவனது இளமைக் காலத்தைக் காண்பது வேறுவிதமான அனுபவம். அவன் ஒவ்வொரு பாகத்திலும் குத்துவிடும்போது, ‘இந்தக் கைதான் ஒரு நாள் ஒரு சிறுவனைப் பிடித்து நடத்தப்போகிறது’ என்ற நினைப்பு எனக்குக் கூடவே வந்துகொண்டிருந்தது.

கதை 1991-இல் எஸ்என்கேயின் நியோ ஜியோ என்ற, காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில் தொடங்குகிறது. முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை கேப்காம் நிறுவனத்தில் 1987-இல் உருவாக்கிய தகாஷி நிஷியாமா, பின்னர் எஸ்என்கேவுக்கு வந்து செய்த விளையாட்டு இது. தேர்ந்தெடுக்க மூன்றே பேர்: டெர்ரி, அவன் தம்பி ஆண்டி, அவர்களுடைய நண்பன் ஜோ ஹிகாஷி. சவுத் டவுன் என்ற நகரத்தைத் தன் கைக்குள் வைத்திருக்கும் கீஸ் ஹோவர்ட்தான் இறுதி எதிரி. கீஸும், அண்ணன் தம்பி இருவரையும் வளர்த்த ஜெஃப் போகார்டும் டங் ஃபூ ரூ என்ற ஒரே ஆசானிடம் பயின்றவர்கள். ஜெஃபைக் கீஸ் கொன்றுவிடுகிறான். பிள்ளைகள் இருவரும் பத்து ஆண்டுகள் வெவ்வேறு வழிகளில் பயின்று, பழிதீர்க்கத் திரும்பி வருகிறார்கள். பழிவாங்கும் கதைகளுக்கு நம்மிடமும் பஞ்சமில்லை. இதுவரை கேட்டால் எவரும் அடுத்த காட்சியைச் சொல்லிவிடலாம். ஆனால் இதில் ஒரு செய்தி பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. டெர்ரியும் ஆண்டியும் ஜெஃப் பெற்ற பிள்ளைகள் அல்லர். அநாதைகளாக இருந்த இருவரையும் அவர் எடுத்து வளர்த்தார். டெர்ரி யாருக்காகப் பத்து ஆண்டு உறக்கம் தொலைத்தானோ, அந்தத் தகப்பனுக்கும் அவனுக்கும் இரத்த உறவே கிடையாது. பின்னால் அவன் செய்யப்போகும் காரியத்தின் விதை இங்கேதான் விழுந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

முதல் பாகத்தில் உயர்ந்த கட்டடத்திலிருந்து விழும் கீஸ் சாகவில்லை. 1993-இல் வந்த ஃபேட்டல் ஃபியூரி ஸ்பெஷலில் திரும்பி வருகிறான். 1995-இன் இறுதியில் வந்த ரியல் பவுட் ஃபேட்டல் ஃபியூரியில்தான் அவன் கணக்கு முடிகிறது. அந்த முடிவுக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. அதே கோபுரம், அதே உச்சி. டெர்ரியின் அடியில் கீஸ் விளிம்பைத் தாண்டி விழப்போகிறான்; டெர்ரி பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொள்கிறான். தந்தையைக் கொன்றவன், தன் வாழ்வின் பாதியை விழுங்கியவன், பிடியில் தொங்குகிறான். விட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. டெர்ரி விடவில்லை. கீஸ்தான் சிரித்துக்கொண்டே அந்தக் கையை உதறிவிட்டுக் கீழே போகிறான். வெற்றிக்குப் பிறகு தொப்பியைத் தூக்கி எறிந்து ‘ஓகே’ என்று கத்தும் டெர்ரியை முந்தைய பாகங்களில் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த வெறுங்கையோடு அவன் நின்ற நிலை தாங்க முடியாததாக இருந்தது. பழி தீர்ந்தவனின் முகம் அப்படி இருக்காது.

கீஸுக்கு ஒரு மகன் இருந்தான். மகனையும் அவன் தாய் மேரியையும் கீஸ் கைவிட்டிருந்தான். அந்தச் சிறுவனைத்தான் டெர்ரி தன்னோடு அழைத்துக்கொள்கிறான். பத்து ஆண்டுகள் பழியை வளர்த்தவன், அடுத்த பத்து ஆண்டுகள் ஒரு பிள்ளையை வளர்த்தான். கரோ தொடங்கும்போது அந்தப் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டிருக்கின்றன. எந்தப் பாகத்திலும் நம்மால் அவற்றை ஆடிப் பார்க்க முடியாது. சாப்பாடு போட்டதையும், காய்ச்சலில் கூட இருந்ததையும், கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களையும் நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்த ஆண்டுகள் நடந்தன என்பதற்கான சான்றைத் தயாரிப்பாளர்கள் மிக நுட்பமான ஓர் இடத்தில் வைத்தார்கள். அது ராக்கின் அடிமுறைகள்.

ராக்கிடம் ரெப்புக்கென் இருக்கிறது. கையை வீசித் தரையோடு ஒரு காற்றலையை எதிரியின் மீது அனுப்பும் அந்த அடி கீஸுடையது. ரேஜிங் ஸ்டார்ம் இருக்கிறது; கைகளைத் தரையில் அறைந்து, தன்னைச் சுற்றிச் சூறாவளியை எழுப்பும் அந்த அடியும் கீஸுடையது. மறைத்து வைக்கப்பட்ட டெட்லி ரேவ் என்ற தொடரடிகூட, 1994-இல் எஸ்என்கேயின் இன்னொரு தொடரான ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்கின் இரண்டாம் பாகத்தில் இளம் கீஸ் பயன்படுத்தியதுதான். இவற்றோடு ரைசிங் டாக்கிள் இருக்கிறது. மேலெழும்பித் தாக்கும் அந்த அடி டெர்ரியுடையது. கையில் ஒளி திரள எதிரியின் மீது பாயும் ஷைனிங் நக்கிளில் டெர்ரியின் சாயல் அப்படியே தெரிகிறது. பெற்றவனின் பகையையும் வளர்த்தவனின் அன்பையும் வசனமாக எழுதிக் காட்டியிருக்கலாம். அதை விட்டுவிட்டு ஆடுபவனின் விரல்களில் வைத்தார்கள். ராக்கைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொருவரும் இரண்டு தகப்பன்களையும் ஒரே ரவுண்டில் கையாண்டாக வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னும் சிறிய ஒரு விஷயம். கீஸின் ரேஜிங் ஸ்டார்மைப் பழைய பாகங்களில் போடுவது பெரும்பாடு. ஜாய்ஸ்டிக்கைக் கீழ்ப்பக்கப் பின்மூலையில் தொடங்கி, சட்டென்று முன்னே தள்ளி, அங்கிருந்து அரைவட்டமாகப் பின்னுக்கு இழுத்து, மறுபடியும் கீழ்ப்பக்க முன்மூலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பொத்தான்களை அழுத்த வேண்டும். கையால் சுற்றிய முறுக்கைப் போன்ற அந்த வழியில் விரல் ஓர் இடத்தில் தவறினாலும் அடி வராது. ராக்குக்கு அந்த முறுக்கு கிடையாது. கீழிருந்து முன்னோக்கிக் கால்வட்டம், மறுபடியும் ஒரு கால்வட்டம், அவ்வளவுதான். ஷைனிங் நக்கிளுக்கும் அசைவு அதுவே. கடைசியில் அழுத்தும் பொத்தானில் மட்டுமே வேறுபாடு. கரோவில் எல்லாருடைய பெரிய அடிகளும் ஏறத்தாழ இப்படி எளிமையாகத்தான் அமைக்கப்பட்டன என்பது எனக்குத் தெரியும். ராக்குக்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் முதன்முதலில் அது என் கைக்கு எளிதாக வந்தபோது, தகப்பனிடம் சிக்கலும் சினமுமாகக் கிடந்த ஒன்று இந்தப் பையனிடம் சிக்கெடுத்து நேராக்கப்பட்டிருக்கிறது என்ற உணர்வு எனக்கு ஏற்பட்டது. அதைச் சிக்கெடுத்தவன் யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

ராக் தன் தந்தையை வெறுக்கிறான். தன் உடம்பில் ஓடும் கீஸின் இரத்தத்தை எண்ணி அஞ்சவும் செய்கிறான். ஆனால் டெர்ரி அவனிடம் கீஸின் அடிகளை மறக்கச் சொல்லவில்லை. என்னை நெடுநாள் யோசிக்கவைத்தது இதுதான். தன் தகப்பனைக் கொன்றவனின் அசைவுகளை, தான் வளர்க்கும் பிள்ளையின் கையில் அன்றாடம் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்? ஒரு மாலை நேரப் பயிற்சியில் அந்தச் சிறுவன் முதன்முதலாக ரெப்புக்கென்னை வீசிய கணம் ஒன்று இருந்திருக்க வேண்டும். அந்தக் கணத்தில் டெர்ரி என்ன செய்தான் என்பதை எந்த விளையாட்டும் காட்டவில்லை. பதினேழு வயது ராக் அதைத் தயக்கமின்றி வீசுகிறான் என்பதிலிருந்து, அன்று அவனை யாரும் அதட்டவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஜப்பானிய மொழியில் இத்தொடரின் பெயர் ‘கரோ டென்செட்சு’, அதாவது பசித்த ஓநாயின் தொல்கதை. பசியோடு தனித்துத் திரியும் ஓநாயாகத்தான் டெர்ரி தொடக்கத்தில் இருந்தான். 1999-ஆம் ஆண்டுப் பாகத்தின் ஆங்கிலத் துணைத்தலைப்பில் அந்த ஓநாய் பன்மையாகிவிட்டது. முந்தைய பாகங்களிலிருந்து இதற்குத் திரும்பி வந்த ஒரே வீரன் டெர்ரி. பட்டியலில் உள்ள பதினான்கு பேரில் மற்ற அனைவரும் புதியவர்கள். அந்தப் புதியவர்களிலும் வளர்ப்பும் வாரிசும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஹொக்குடோமாரு என்ற நிஞ்ஜாச் சிறுவன் ஆண்டியின் மாணவன். ஆக, அண்ணன் தம்பி இருவருமே அவரவர் பங்குக்கு ஒரு பிள்ளையை உருவாக்கியிருக்கிறார்கள். காவல்துறையைச் சேர்ந்த கெவின் ரயன், ஃப்ரீமேன் என்ற கொலைகாரனிடம் உயிரிழந்த தன் தோழனின் மகன் மார்க்கியைப் பாதுகாத்து வருகிறான். அந்தச் சிறுவன் சண்டைக் களத்திலும் அவனுடனேயே நிற்கிறான். கொரியாவின் டேக்வாண்டோ வீரர் கிம் கப்வானின் இரண்டு மகன்களில் மூத்தவன் சோம்பேறி, இளையவன் அப்பாவைப் போலவே நீதி நேர்மை என்று திரிபவன். அவர்களைப் பார்த்தால் நம் தெருவில் எந்த வீட்டிலும் பார்க்கக்கூடிய அண்ணன் தம்பியாகத்தான் தோன்றும். ஒரு சண்டை விளையாட்டு முழுவதும் ‘நீ யாருடைய பிள்ளை, உன்னை யார் ஆளாக்கினார்’ என்ற கேள்வியையே சுற்றிவருவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கரோவின் இறுதி எதிரி கெய்ன் ஹைன்லைன், ராக்கின் தாய் மேரியின் உடன்பிறந்தவன். நம் முறையில் சொன்னால் ராக்குக்குத் தாய்மாமன். தோற்ற பிறகு அவன் ராக்கிடம், இறந்துவிட்டதாக நினைத்திருந்த தாயைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்கிறான். ராக் அவனோடு இருந்துவிட முடிவெடுக்கிறான். டெர்ரி தடுக்கவில்லை. பத்து ஆண்டு வளர்த்த உரிமையைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். இவன் யார், எப்படிப்பட்டவன் என்று எச்சரித்திருக்கலாம். பெற்ற தாயைத் தேடிப் போகும் பிள்ளையை நிறுத்திவைப்பது வளர்த்தவனுக்கு அழகில்லை என்று அவன் எண்ணியிருக்கக்கூடும். முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்கு ராக்கின் மீது கோபம்தான் வந்தது. வயது ஏறிய பிறகு பார்க்கும்போது, அந்தக் காட்சியில் என் கண் ராக்கை விட்டு டெர்ரியிடம் போய்விடுகிறது.

அந்தப் பிரிவு அதற்குமேல் நகராமல் அப்படியே உறைந்துபோனது. 2001-இல் எஸ்என்கே திவாலானது. தயாரிப்பில் இருந்த இரண்டாம் பாகம் நின்றுபோனது. நிறுவனம் கைமாறி, பெயர் மாறி, மீண்டும் பழைய பெயருக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் ராக் வேறு விளையாட்டுகளில் வந்துகொண்டுதான் இருந்தான்; 2001-இல் கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே இரண்டாம் பாகத்திலும், 2022-இல் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் பதினைந்தாம் பாகத்திலும் அவனை எடுத்து ஆடியிருக்கிறேன். எஸ்என்கேயின் பல தொடர்களின் வீரர்கள் ஒன்றுகூடும் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் எனக்கு மிகவும் பிடித்த தொடர்தான். ஆனால் அதன் உலகம் வேறு. அங்கே கீஸ் சாகவில்லை, டெர்ரிக்கு வயதாகவில்லை. கீஸ் சாகாத ஓர் உலகத்தில் ராக் நிற்கும்போது அவனுடைய பாதிக் கதை உதிர்ந்துவிடுகிறது. அவனுக்கென்று உள்ள உலகத்தில் அவனைப் பார்க்கத்தான் நாங்கள் காத்திருந்தோம்.

2022 ஆகஸ்டில், சண்டை விளையாட்டுகளுக்கான ஈவோ போட்டி மேடையில் அடுத்த பாகத்துக்கான அறிவிப்பு வந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 2025 ஏப்ரல் 24 அன்று ‘சிட்டி ஆஃப் தி வுல்வ்ஸ்’ வெளியானது. இருபத்தாறு ஆண்டுகள். கரோவை என்னோடு உட்கார்ந்து ஆடிய நண்பனுக்கு இப்போது கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். புதிய பாகத்தின் கதையை இன்னும் ஆடாதவர்களுக்காக இங்கே விரித்துச் சொல்லப்போவதில்லை. கீஸ் விட்டுச்சென்ற ஒன்றைத் தேடி ராக் இறங்குகிறான், டெர்ரியும் அந்தக் களத்தில் இருக்கிறான் என்பது மட்டும் போதும். அதற்கு முந்தைய ஆண்டு, செப்டம்பர் 2024-இல், டெர்ரி ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆறாம் பாகத்துக்கு விருந்தாளியாகப் போயிருந்தான். அவனை அங்கே முதன்முறையாகச் சந்தித்த இளைஞர்கள் பலர், அவனை நல்ல நகைச்சுவை உணர்வுள்ள ஓர் அண்ணனாகக் கண்டு மகிழ்ந்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அவன் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறான் என்று அவர்களிடம் சொல்லவேண்டும் என்பதே நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம்.

இன்னொரு காரணம் என் அக்கா மகன். அவனுக்குப் பத்து வயது. நியோ ஜியோவின் பழைய விளையாட்டுகள் இப்போதைய கன்சோல்களிலும் கிடைப்பதால், விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கரோவைத்தான் முதலில் போடச் சொல்வான். நான் டெர்ரி, அவன் ராக். இதில் மாற்றம் கிடையாது. ஆட்டம் தொடங்கும் முன்பு உயிர்க்கோட்டின் மூன்றில் ஒரு பங்கை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். உயிர் அந்தப் பங்குக்குள் இருக்கும்வரை அடிக்கு வலிமை கூடும், குறைந்த உயிரும் மெல்ல மெல்ல ஏறும். அவன் எப்போதும் கடைசிப் பங்கைத்தான் எடுப்பான். ‘அடி வாங்குனதுக்கு அப்புறந்தான் மாமா பலம் வேணும்’ என்பது அவன் கணக்கு.

போன முறை வந்திருந்தபோது கடைசி ரவுண்டில் அவனுடைய ராக்குக்கு உயிர் நூலிழையாக இருந்தது. நான் டெர்ரியின் பெரிய அடியான, தரையைக் குத்தி ஆற்றலைப் பீறிட வைக்கும் பவர் கெய்சரைப் போட்டேன். அடி மேலே படும் கடைசிக் கணத்தில் அவன் தடுத்தான். ராக் ஒரு கணம் வெண்மையாக மின்னினான், கொஞ்சம் உயிரும் ஏறியது. அவன் கட்டைவிரல் கீழிருந்து முன்னே இரண்டு முறை ஓடியதை நான் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன், ஆனால் விலகுவதற்கு நேரமில்லை. திரை இருண்டது. ராக் கைகளை உயர்த்தித் தரையில் அறைந்தான், டெர்ரி சூறாவளியில் தூக்கி எறியப்பட்டான்.

குதித்து அடங்கிய பிறகு அவன் என் பக்கம் திரும்பி, ‘மாமா, இது கீஸோட அடிதானே? டெர்ரியோட அப்பாவக் கொன்னவரோட அடி. அப்புறம் டெர்ரி எப்படி இத ராக்குக்குப் போட விட்டாரு?’ என்று கேட்டான்.

அவனிடம் ஜெஃபைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அண்ணன் தம்பி இருவரையும் அவர் எடுத்து வளர்த்ததிலிருந்து ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே அவன் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டான். பெயர்ப்பட்டியலில் ராக்கின் முகத்தின் மேல் கட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்தி, நான் டெர்ரியை எடுப்பதற்காகக் காத்திருந்தான்.